கொக்கி, கொண்டி, உளி: இரும்படிக்கப் பழகுவோருக்கு முதல் மூன்று வேலைகள்

இரும்படிக்கக் கற்க விரும்புவோரில் பலர் முதல் நாளே அரிவாள் அடிக்க வேண்டும் என்கிறார்கள். திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்புதான். ஆனால் அரிவாள் என்பது நீட்டுதல், தட்டையாக்குதல், வளைத்தல், தோய்ச்சல் ஏற்றுதல் (காய்ச்சிய எஃகைச் சட்டெனக் குளிர்வித்துக் கடினமாக்குதல்) ஆகிய எல்லா வேலைகளும் ஒரே பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கும் கருவி. அவற்றுள் எது பிசகினாலும் முழுப் பொருளும் வீணாகும், எது பிசகியது என்பதும் புதியவருக்குத் தெரியாது. ஆகவே இங்கே சுவர்க் கொக்கி, கதவுக்கான கொண்டியும் நாதாங்கியும், இரும்பு வெட்டும் உளி என்ற மூன்று வேலைகளை இந்த வரிசையிலேயே சொல்கிறேன். ஒவ்வொன்றும் முந்தையதில் இல்லாத ஓரிரு திறன்களை மட்டுமே கூடுதலாகக் கேட்கும். மூன்றுக்கும் பொதுவானது, பழுத்த இரும்பின் நிறத்தைக் கண்ணால் படிக்கும் பழக்கம்.

நிழல் முதலில்

உலை வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் காற்றோட்டத்தை மட்டுமே பார்க்கிறார்கள். அது தேவைதான், கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு என்பதால் மூடிய அறையில் உலை மூட்டவே கூடாது. ஆனால் அதே அளவுக்கு நிழலும் தேவை. உச்சி வெயிலில் மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. இரும்பு இன்னும் காயவில்லை என்று எண்ணி மேலும் ஊதிக்கொண்டே போய் அதைக் கருக்கிவிடுவோம். நான் பழகிய முதல் மாதத்தில் கம்பிகளின் நுனிகள் மத்தாப்பு போலப் பொறி கக்கி எரிந்து போனதற்குக் காரணம் கைப்பிழை அன்று, திறந்த வெளியில் நின்றதுதான். மூன்று பக்கம் திறந்த கீற்றுக் கொட்டகை பார்வைக்கு ஏற்றது என்றாலும் பொறி பறக்கும் இடத்தில் கீற்று ஆபத்து. தகரக் கூரையோ ஓட்டுக் கூரையோ போட்டுக்கொள்ள வேண்டும்.

நிறங்களை நமக்குத் தெரிந்த பொருள்களோடு ஒப்பிட்டு மனத்தில் வைத்துக்கொள்வது எளிது. மிளகாய் வற்றலின் கருஞ்சிவப்பு ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸ். செம்பருத்தியின் சிவப்பு 800 அளவில். கனகாம்பர நிறம் 950 முதல் 1,000 வரை. எலுமிச்சம்பழத்தின் மஞ்சள் 1,150-ஐ ஒட்டி. அதற்கும் மேலே வெளுத்துப் பொறி பறக்கத் தொடங்கினால் இரும்பே எரிகிறது என்று பொருள். எரிந்த பகுதியை மீட்க முடியாது, வெட்டி எறிய வேண்டியதுதான். சாதாரண இரும்பைக் கனகாம்பரத்துக்கும் எலுமிச்சைக்கும் இடையில் அடிக்க வேண்டும். மிளகாய் வற்றல் நிறத்துக்கு இறங்கியதும் சுத்தியலை நிறுத்திவிட்டு உலைக்குத் திரும்ப வேண்டும். இன்னும் நான்கு அடி அடித்துவிடலாம் என்ற அவசரத்தில்தான் கம்பியில் வெடிப்பு விழுகிறது, தோளும் வலிக்கிறது.

உலை

விலை கொடுத்து உலை வாங்க வேண்டியதில்லை. 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழத்தில் பலகைப் பெட்டி ஒன்று செய்து இடுப்பு உயரத்தில் நிறுத்தி, அதில் களிமண்ணும் மணலும் கலந்த மண்ணை நன்றாகத் திமிசு போட்டு நிரப்ப வேண்டும். நிரம்பிய பெட்டி நூறு கிலோ அளவில் கனக்கும் என்பதால் கால்கள் உறுதியாக இருக்கட்டும். நடுவில் 12 செ.மீ. ஆழத்துக்குக் கிண்ணம் போலத் தோண்டினால், அடியில் இருக்கும் மண்ணின் கனமே பலகையைத் தீயிலிருந்து காக்கும். பக்கவாட்டிலிருந்து ஓர் அங்குல இரும்புக் குழாய் ஒன்றைக் கிண்ணத்தின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே வந்து திறக்கும்படி பதிக்க வேண்டும். அந்தக் குழாய் துத்தநாகம் பூசாத கறுப்புக் குழாயாக இருப்பது கட்டாயம். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெண்புகையாகும். அதை மூச்சில் இழுத்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். இதே காரணத்தால் பழைய தண்ணீர்க் குழாய், முலாம் பூசிய ஆணி, பளபளக்கும் குரோம் பூச்சுள்ள உதிரிப் பாகம் எதையும் உலைக்குள் வைக்கக் கூடாது. வாய் அடைத்த குழாய்களும் வண்டிகளின் ஷாக் அப்சார்பர்களும் சூட்டில் வெடிக்கும்.

மண் காய ஒரு வாரம் விட்டு, முதல் இரண்டு முறை சிறு தீ மூட்டி ஈரத்தைப் போக்க வேண்டும். உலை ஓரத்தில் ஆற்றுக் கூழாங்கல்லைப் பதிப்பது அழகாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் கல் தெறிக்கும்.

காற்றுக்குத் தோல் துருத்தி இன்று அரிது. கையால் சுழற்றும் ப்ளோயர் புதியவருக்கு மின் ப்ளோயரைவிட நல்லது. கை நின்றால் காற்றும் நிற்கும், ஆகவே கவனம் சிதறும்போது இரும்பு கருகாது. கரிக்குச் சீமைக்கருவேலங் கரியே போதும். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் வட்டாரங்களில் மூட்டம் போட்டு எடுப்பது, எளிதில் கிடைக்கும். வாதுமைப் பருப்பு அளவிலிருந்து கொட்டைப்பாக்கு அளவு வரை உடைத்துக்கொள்ள வேண்டும். தூளாக இருந்தால் காற்று புகாது, பெருந்துண்டுகளாக இருந்தால் இடைவெளி வழியே வரும் காற்று இரும்பைத் தின்னும். கம்பியைக் காற்றுத் துளைக்கு நேர் முன்னால் வைக்காமல், அதற்குச் சுமார் 8 செ.மீ. மேலே, கீழும் மேலும் கனல் சூழும்படி படுக்க வைக்க வேண்டும். கனலைக் கடந்து வரும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் பெரும்பாலும் செலவாகிவிடுவதால் அங்கே இரும்பில் செதில் எனப்படும் கறுத்த ஆக்சைடுப் பொருக்கு குறைவாகப் படியும்.

பட்டடையும் கைக்கருவிகளும்

இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்குத் தண்டவாளத் துண்டு என்று எல்லோரும் சொல்வார்கள்; நல்ல பொருள்தான். ஆனால் ரயில்வேயின் பொருளைச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். ஆகவே ரசீது தராத பழைய இரும்புக் கடையில் அதை வாங்காதீர்கள். 15 கிலோவுக்குக் குறையாத, ஒரு முகம் சமமான எந்த இரும்புக் கட்டியும் போதும். கறிக்கடையில் பயன்படும் புளியங்கட்டை போன்ற ஒரு முண்டத்தில் குழி பறித்து அதை அசையாமல் பதிக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முட்டி மடக்கினால், விரல் கணுக்கள் தொடும் உயரமே பட்டடையின் உயரம்.

சுத்தியல் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். அதன் முகத்தின் ஓரங்களை அரத்தால் சற்று மழுக்கிவிட்டால் கம்பியில் பிறை வடிவத் தழும்புகள் விழா. குறடு தொடக்கத்தில் அவசியம் இல்லை, 60 செ.மீ. நீளக் கம்பியின் ஒரு முனையில் வேலை செய்தால் மறுமுனையைக் கையால் பிடித்துக்கொள்ளலாம். சிறு துண்டுகளுக்குக் கிரிப் பிளையர் உதவும். இவற்றோடு கம்பி பிரஷ், அரம், ஆக்சா பிளேடு, ஒரு வைஸ், நீர் நிறைந்த வாளி, மணல் வாளி ஆகியவை இருந்தால் போதும்.

உடை பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். வேட்டி கட்டி வேலை செய்வது பழைய பட்டறைகளில் வழக்கம் என்றாலும், புதியவர்கள் முழுக்காற்சட்டையும் மூடிய தோல் காலணியும் அணிவதே முறை. காற்சட்டையின் கீழ்நுனி காலணிக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் விழும் செதில் காலணிக்குள் போகும். கண்ணைக் காக்கும் கண்ணாடி எப்போதும் வேண்டும். சுத்தியல் பிடிக்கும் கையில் கையுறை வேண்டாம், பிடி வழுக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, சிவப்பு மறைந்து கறுத்த இரும்பு ஆறிவிட்டது என்று நம்பாமல் இருப்பது. 450 டிகிரியில் உள்ள கம்பி பார்வைக்குக் குளிர்ந்த கம்பியைப் போலவே இருக்கும். பட்டறையில் ஏற்படும் தீப்புண்களில் பெரும்பகுதி இந்தக் கறுத்த இரும்பால் வருவதுதான். எதைத் தொடும் முன்பும் புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூட்டை உணர்ந்து பார்க்க வேண்டும்.

முதல் வேலை: சுவர்க் கொக்கி

கிரில் பட்டறையில் 8 மி.மீ. கனமுள்ள வழவழப்பான உருண்டைக் கம்பியின் துண்டுகளைக் கேட்டு வாங்கலாம். கட்டுமானத்துக்கான முறுக்குக் கம்பியின் வரிகள் வேலையில் தழும்பாகத் தங்கிவிடும், வேண்டாம். எடை கணக்கிடக் கொத்தனார்கள் பயன்படுத்தும் வாய்பாடே இங்கும் உதவும்: மில்லிமீட்டரில் விட்டத்தை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 395 கிராம்.

கம்பியின் கடைசி 6 செ.மீ. பகுதியை எலுமிச்சை நிறத்துக்குக் காய்ச்சி எடுத்து, பட்டடையின் அப்புறத்து விளிம்பில் நுனியைச் சாய்வாக வைத்து அடிக்க வேண்டும். இரண்டு அடிக்கு ஒருமுறை கம்பியைக் கால் சுற்றுத் திருப்பி, மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இவ்வாறு முதலில் நான்கு முகமுள்ள கூர்நுனி உருவாகும். உருண்டைக் கம்பியை உருட்டி உருட்டி அடித்து நேராகக் கூராக்க முயல்வது எல்லாப் புதியவர்களும் செய்யும் பிழை. அப்படி அடித்தால் மேற்பரப்பு மட்டும் நீண்டு, நடுப்பகுதி உள்வாங்கி, நுனி மீன்வாய் போலப் பிளந்துகொள்ளும். நான்கு முகம் சீராக வந்த பின் அதன் விளிம்புகளைத் தட்டி எட்டு முகமாக்கி, அதன் பின்னரே உருட்ட வேண்டும். இந்த வரிசை எந்தக் கனத்துக் கம்பிக்கும் மாறாது.

நுனி மெலிந்ததும் அது மற்றப் பகுதியைவிட விரைவில் பழுக்கும் என்பதை நினைவில் வைத்து, கனலின் நடுவில் நுனி இல்லாமல் சற்று வெளியே தள்ளி வைக்க வேண்டும். கனகாம்பர நிறத்தில் எடுத்து, நுனியின் ஒரு செ.மீ. பகுதியைப் பட்டடை விளிம்பில் வெளிப்புறமாகச் சிறு சுருளாக மடக்க வேண்டும். துணியும் தோலும் கிழியாமல் காப்பது இந்தச் சுருளே. மறுபடி காய்ச்சி, சுருளுக்கு எதிர்த்திசையில், 3 செ.மீ. விட்டமுள்ள குழாயின்மேல் வைத்து மெல்லத் தட்டி வளைக்க வேண்டும். வளைக்கும்போது ஓங்கி அடித்தால் கம்பி தட்டையாகும். சுத்தியல் படும் இடத்துக்கு நேர் கீழே பட்டடை இருந்தால் இரும்பு நசுங்கும், கீழே வெற்றிடம் இருந்தால் வளையும்; இந்த வேறுபாடு கைக்குப் பிடிபட்டுவிட்டால் இந்தத் தொழிலின் பாதி பிடிபட்டது.

பின்னர் 16 செ.மீ. நீளத்தில் அறுத்து, கொக்கிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையின் 4 செ.மீ. பகுதியை 3 மி.மீ. கனத்துக்குத் தட்டையாக்க வேண்டும். அது ஏறத்தாழ 13 மி.மீ. அகலத்துக்கு விரியும். ஆறிய பின் அதில் 5 மி.மீ. துளையை டிரில் இயந்திரத்தால் போட்டுக்கொள்ளலாம். கை பழகியவர் இதை மூன்று நான்கு முறை காய்ச்சி முடிப்பார். உங்களுக்குப் பத்து முறை ஆனால் குறையில்லை. ஒரே அளவில் பத்துக் கொக்கிகள் செய்து வரிசையாக மாட்டிப் பாருங்கள். முதலாவதும் பத்தாவதும் அருகருகே தொங்கும்போது எங்கே கை தடுமாறியது என்பதை நீங்களே காண்பீர்கள்.

துருப்பிடிக்காமல் இருக்க, கம்பி பிரஷால் செதிலை நீக்கி, தேன்மெழுகு தொட்டதும் உருகிப் பரவும் அளவு சூட்டில் மெழுகு தடவித் துணியால் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் உலராத எண்ணெய் ஆகையால் பிசுக்காகத் தங்கித் தூசி பிடிக்கும். ஆளி விதை எண்ணெய் உலர்ந்து படலமாகும்.

இரண்டாம் வேலை: கொண்டியும் நாதாங்கியும்

இதற்கு 8 மி.மீ. சதுரக் கம்பியும், 6 மி.மீ. உருண்டைக் கம்பியும் வேண்டும். கொண்டியின் ஒரு முனையில் வளையமும் மறுமுனையில் கொக்கியும் இருக்கும். கொக்கி உங்களுக்கு வந்துவிட்டது, ஆகவே இங்கே புதிதாக இருப்பவை வளையமும் முறுக்கும் மட்டுமே.

வளையத்துக்கு எவ்வளவு கம்பி ஒதுக்குவது என்பதைக் கணக்கிட்டே தொடங்க வேண்டும். உள்விட்டத்தோடு கம்பியின் கனத்தைக் கூட்டி 3.14-ஆல் பெருக்க வேண்டும். 15 மி.மீ. உள்விட்டமுள்ள வளையத்துக்கு 15-உம் 8-உம் சேர்ந்து 23. பெருக்கினால் 72 மி.மீ. முனையிலிருந்து 72 மி.மீ. தொலைவில் குளிர்ந்த கம்பியிலேயே அரத்தால் சிறு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். சாக்பீஸ் கோடு உலையில் அழிந்துவிடும். காய்ச்சி, அந்தக் கோட்டில் பட்டடை விளிம்பில் செங்கோணமாக மடிக்க வேண்டும். பின்னர் முனையிலிருந்து தொடங்கி, மடிப்பின் எதிர்த்திசையில், 15 மி.மீ. கம்பியொன்றின்மேல் சிறிது சிறிதாகச் சுருட்டிக் கொண்டுவந்தால் முனை மடிப்பைத் தொடும்போது வளையம் கொண்டியின் நடுக்கோட்டில் நேராக நிற்கும். முதலில் செங்கோணமாக மடிக்காமல் சுருட்டினால் வளையம் ஒரு பக்கமாகச் சரிந்து, எழுத்துப் பிழை போலக் கண்ணை உறுத்தும்.

முறுக்கு அழகுக்கு மட்டுமே என்றாலும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டியது. கம்பியின் நடுவே 8 செ.மீ. பகுதியை ஒரே சீராகக் கனகாம்பர நிறத்துக்குக் காய்ச்சி, ஒரு பக்கத்தை வைஸில் கவ்வவிட்டு, மறுபக்கத்தை ஸ்பேனரால் பிடித்து ஒரே மூச்சில் ஒரு முழுச் சுற்றுத் திருக வேண்டும். எங்கே சூடு அதிகமோ அங்கே முறுக்கு நெருங்கும், சூடு குறைந்த இடத்தில் இளகி நிற்கும். சீராகக் காய்ச்சத் தெரிந்ததா என்பதை முறுக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

நாதாங்கிக்கு 6 மி.மீ. கம்பியில் 14 செ.மீ. துண்டு எடுத்து இரு முனைகளையும் நான்கு முகக் கூராக்கி, நடுவில் வளைத்து, கால்கள் இணையாக நிற்கும்படி செய்ய வேண்டும். இவ்வாறு இரண்டு வேண்டும்: ஒன்று கொண்டியின் வளையத்தைக் கதவோடு பிணைக்க, மற்றது நிலையில் கொக்கியை ஏற்க. தேக்கு, வேம்பு போன்ற மரங்களில் காலின் கனத்தைவிடச் சற்றுச் சிறிய துளைகளை முன்பே போட்டுக்கொண்டு அடித்தால் மரம் பிளக்காது. கதவுப் பலகையில் கால்கள் மறுபுறம் வெளிவந்தால் அவற்றை எதிரெதிர்த் திசையில் மடக்கி அடித்துவிடலாம். கொண்டியின் நீளத்தை ஏட்டில் பார்த்து முடிவு செய்யாமல், கதவும் நிலையும் சேரும் இடத்தில் அளந்தே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் வேலை: இரும்பு வெட்டும் உளி

இதுவரை பயன்படுத்திய இரும்பில் கார்பன் 0.25 விழுக்காட்டுக்கும் குறைவு. அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் இட்டாலும் உளிக்கு வேண்டிய கடினம் வராது. உளிக்கு வேண்டியது 0.6 விழுக்காடு அளவில் கார்பன் உள்ள எஃகு. பழைய காரின் காயில் ஸ்பிரிங்கும் லாரியின் ஸ்பிரிங் பட்டையும் அவ்வகையின. சந்தேகம் இருந்தால் கிரைண்டரில் தொட்டுப் பார்க்கலாம்: சாதாரண இரும்பு நீண்ட கோடுகளாகப் பொறி விடும், கார்பன் மிகுந்த எஃகின் பொறிகள் கிளை கிளையாகப் பிரிந்து வெடிக்கும்.

12 மி.மீ. கனமுள்ள ஸ்பிரிங்கிலிருந்து ஒரு துண்டை அறுத்துக் கனகாம்பர நிறத்தில் நேராக்கி, 17 செ.மீ. நீளத்துக்கு நறுக்க வேண்டும். ஒரு முனையின் 4 செ.மீ. பகுதியை இரு முகத்தில் மட்டும் அடித்து, நுனியில் 3 மி.மீ. கனம் நிற்கும்படி சரிக்க வேண்டும். பக்கவாட்டில் விரியும் பகுதியை அவ்வப்போது நிமிர்த்தித் தட்டிக்கொள்ள வேண்டும். எலுமிச்சை நிறத்தைத் தாண்ட விடக் கூடாது, செம்பருத்திக்குக் கீழே அடிக்கவும் கூடாது. இந்த எஃகு சாதாரண இரும்பைப் போலப் பிழை பொறுக்காது.

வடிவம் வந்ததும் செம்பருத்தி நிறத்துக்குக் காய்ச்சி, காற்றில் தானே கறுக்கவிட வேண்டும். இதை மூன்று முறை செய்தால் அடிபட்டதால் உள்ளே தங்கிய இறுக்கம் தளரும். கடைசியாக ஒருமுறை காய்ச்சி, உலர்ந்த சாம்பலுக்குள் இரவு முழுவதும் புதைத்து வைத்தால் மறுநாள் அரம் எளிதாக இறங்கும். வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, அரத்தால் 60 டிகிரிக் கோணத்தில் தீட்டிக்கொள்ள வேண்டும்.

இனித் தோய்ச்சல். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை உலை அருகே தொங்கவிட வேண்டும். இரும்பு 770 டிகிரியில் காந்த ஈர்ப்பை இழக்கும். உளியின் வாய்ப்பக்கத்து 5 செ.மீ. பகுதி காந்தத்தில் ஒட்டாமல் போனதும், அதற்கு ஒரு சாயல் கூடுதலாகக் காய்ச்சி, நிமிர்ந்தபடி எண்ணெயில் இறக்கி மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் ஒருபுறம் முன்னதாகக் குளிர்ந்து கோணும். எண்ணெய் இரண்டு லிட்டர் கடலை எண்ணெயாக, கை பொறுக்கும் சூட்டில், மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் இருக்க வேண்டும். தீப்பற்றினால் மூடியைப் போட்டால் போதும், தண்ணீர் ஊற்றவே கூடாது. என் முதல் உளியை அவசரத்தில் தண்ணீரில் தோய்த்தேன். ‘டிக்’ என்று ஒரு சிறு ஓசை கேட்டது. வாயில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. இரண்டு நாள் உழைப்பு அந்த ஓசையோடு போயிற்று.

சரியாகத் தோய்ந்த வாயில் அரம் பற்றாமல் வழுக்கும். இந்த நிலையில் உளி கண்ணாடி போல நொறுங்கும். ஆகவே பதம் இறக்க வேண்டும். வாயைச் சுற்றி உப்புத் தாளால் பளபளக்கத் தேய்த்து, உளியின் நடுப்பகுதியை மட்டும் கனலுக்கு மேலே காட்டினால், சூடு மெல்ல வாயை நோக்கி நகரும்போது நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவரும்: 225 டிகிரி அளவில் வைக்கோல் மஞ்சள், 255-இல் பழுப்பு, 280-இல் கத்திரிப்பூ நிறம், 300-இல் சங்குப்பூ நீலம். வாய் கத்திரிப்பூ நிறத்தைத் தொட்ட கணமே தண்ணீரில் இட்டு நிறுத்த வேண்டும். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் வாய் உதிரும், நீலத்தைத் தாண்டவிட்டால் மழுங்கும். இந்த வேலைக்கு நிழல் இன்றியமையாதது. வைக்கோல் நிறத்துக்கும் பழுப்புக்கும் இடையே சில நொடிகளே இருக்கும். அடிபடும் தலைப்பக்கத்தைத் தோய்க்காமல் மென்மையாகவே விட வேண்டும். அது நாளடைவில் காளான் குடை போல விரிந்து ஓரம் பிதுங்கும். அந்த ஓரத்தைக் கிரைண்டரில் அவ்வப்போது தீட்டி எடுக்காவிட்டால் சில்லு தெறித்துக் கண்ணில் படும்.

வேலை முடிந்ததும் கனலைக் கிளறிப் பரப்பி, தண்ணீரைக் கையால் தெளித்து அணைக்க வேண்டும். வாளியோடு கொட்டினால் ஆவி முகத்தில் அடிக்கும், மண்கிண்ணமும் வெடிக்கும். அணைந்த கரியை ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் கிளறிப் பார்த்து, சூடு இல்லை என்று தெரிந்த பின்பே மூட்டையில் சேர்க்கலாம். அந்தக் கரியே அடுத்த முறை எளிதில் பற்றும், தனியே எடுத்து வையுங்கள்.